சாருக்காக நான் இவ்வளவு அழலாமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அவர் சம்மதத்தோடு முதலில் அதைச் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு வயது 43. பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ் வழி. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்துவிட்டு, முதல் மாதமே ஒன்றும் பிடிபடாமல் நின்றுவிடலாம் என்று இருந்திருக்கிறார். அப்போது அவரைப் பிடித்து நிறுத்தியவர் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர். கட்டுரை நோட்டில் சிவப்பு மையையே தொடமாட்டாராம். பென்சிலால் ஓரத்தில் பொடி எழுத்தில் கேள்விகளாக எழுதித் திருப்பிக் கொடுப்பார். "இது நீ நினைத்ததா, எங்கேயோ கேட்டதா?" என்ற கேள்வி பக்கத்துக்குப் பக்கம் வருமாம். வகுப்பில் வாசிக்கும்போது தடுமாறினால் சொல்லை எடுத்துக் கொடுக்க மாட்டார், பக்கத்தில் இருப்பவர்களையும் கொடுக்க விடமாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். "அவர் என்னைப் பார்க்காமல் நின்றதால்தான் எனக்கு வாய் வந்தது" என்று எழுதுகிறார் வாசகி.

படிப்பு முடிந்த பிறகும் பல ஆண்டுகள் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பிறகு கடிதம் போய் கைபேசிச் செய்தி வந்தது, அதுவும் மெல்லக் குறைந்தது. எட்டு மாதங்களுக்கு முன்பு சார் இறந்துவிட்டார். பழைய மாணவர்கள் குழுவில் போட்ட தகவலை வாசகி மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்திருக்கிறார். கடைசியாக முகம் பார்க்கவில்லை.

அதிலிருந்து நான்கு சங்கடங்கள். வீட்டில் கணவர், "சொந்த மாமா போனபோதுகூட நீ இப்படி அழவில்லையே" என்கிறார். இரண்டாவது, இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு சார் அனுப்பிய "இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறாய்?" என்ற செய்தி. அந்தச் சமயத்தில் இவர் எதுவுமே படிக்கவில்லை. சொல்ல வெட்கப்பட்டுப் பதில் போடாமல் விட்டுவிட்டார். மூன்றாவது, நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள், முதல் வரிக்கு மேல் ஓடவில்லை. இதற்கு நடுவில் ஒரு பழைய மாணவர் குழுவில், "எல்லாருக்கும் அவர் தெய்வம் இல்லை. ஒரு வருஷம் முழுக்க என் உச்சரிப்பைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்" என்று எழுத, பெரிய சண்டை. அந்தப் பதிவை நீக்கச் சொல்லி முதலில் கேட்டவர் நம் வாசகிதான்.

நான்காவதுதான் சிக்கலானது. சாருடைய மகள், அப்பா எழுதிய கடிதங்களை மலரில் சேர்க்கக் கேட்டிருக்கிறார். ஒரு கடிதத்தில் சார், "பெற்ற மகளிடம் பேச முடியாததை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். "எனக்கு எழுதிய கடிதம் எனக்குத்தானே சொந்தம்? அப்படியே வெளியிடலாமா, இல்லை, எரித்துவிடலாமா?" என்று கேட்கிறார் வாசகி. கூடவே இன்னொன்று: "கோபம் என்ற கட்டம் எனக்கு வரவேயில்லை. நான் சரியாகத் துக்கப்படவில்லையோ?"

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று வரிசையாக வரும் என்பது ஏறக்குறைய பழமொழி ஆகிவிட்டது. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியபோது, அவர் பேசிப் பார்த்திருந்தது தீராத நோயில் சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்களிடம். உயிரோடு இருந்து இழப்பைச் சுமப்பவர்களுக்கும் அதே வரிசைதான் என்று நாம் பிற்பாடு ஒட்டவைத்துக்கொண்டோம். துக்கத்துக்குப் பாடத்திட்டம் கிடையாது. கோபம் வராததால் நீங்கள் எந்தத் தாளிலும் தோற்கவில்லை.

எட்டு மாதமாகிறதே, இது நோயா என்ற பயமும் உங்கள் வரிகளில் தெரிகிறது. நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டின்படி குறைந்தது 6 மாதம், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் திருத்திய கையேட்டின்படி பெரியவர்களுக்கு 12 மாதம் கடந்திருக்க வேண்டும். ஆனால் மாதக் கணக்கு மட்டும் போதாது. இறந்தவரைத் தேடும் ஏக்கம் அநேகமாக ஒவ்வொரு நாளும் ஆளை ஆட்டிப்படைத்து, வேலை, குடும்பம், அன்றாடம் எல்லாம் குலைந்திருக்க வேண்டும். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், மகனோடு சிரிக்கிறீர்கள், பழைய நோட்டைத் திறக்கும்போது அழுகிறீர்கள். கடிதத்தில் இருப்பதை வைத்துச் சொல்கிறேன், இது துக்கம், அவ்வளவுதான். இனிமேல் தூக்கம் போய், சாப்பாடு போய், எதற்கு இருக்க வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் மலர், கடிதம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

"என்ன சொந்தம்?"

உங்களைப் போன்றவர்களின் துக்கத்தை அமெரிக்கரான கென்னத் டோகா 1989இல் தனியாக எடுத்து எழுதினார். சுற்றியிருப்பவர்கள் அங்கீகரிக்காத துக்கம் அது. பிரிந்துபோன முன்னாள் துணைக்காக, பழைய சக ஊழியருக்காக, வளர்ப்பு நாய்க்காக, ஆசிரியருக்காக அழுகிறவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வருவார்கள். இவர்களிடம் யாரும் துக்கம் விசாரிப்பதில்லை, விடுப்பும் தருவதில்லை. இறுதிச் சடங்கில் நிற்க ஓர் இடமும் கிடையாது. இழப்பின் வலியோடு, "இதற்கெல்லாம் அழலாமா" என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. பல நேரம் அந்தக் கூச்சம்தான் ஆளை அதிகமாக அரிக்கும்.

சார் உங்களுக்கு ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் 'இன் மெமோரியம்' கவிதையைப் பாடம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவிதை யாருக்காக என்று நினைத்துப் பாருங்கள். ஆர்தர் ஹாலம் டென்னிசனுக்கு உடன்பிறந்தவரும் இல்லை, பெற்ற பிள்ளையும் இல்லை. கேம்பிரிட்ஜில் கிடைத்த நண்பர். டென்னிசனின் தங்கையை மணக்க இருந்தவர். 1833இல் வியன்னாவில், 22 வயதில் திடீரென்று இறந்துபோனார். கவிதை புத்தகமாக வந்தது 1850இல். நடுவில் 17 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் டென்னிசன் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. 1842இல் வேறு கவிதைகளை இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்து பேர் வாங்கினார். துக்கத்துக்குள் போவதும், வெளியே வந்து வேலையைப் பார்ப்பதும், மறுபடி உள்ளே போவதும் இயல்பு என்று மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்குட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் எழுதினார்கள். நீங்கள் அலுவலகத்தில் சாதாரணமாக இருந்துவிட்டு இரவில் நோட்டைத் திறந்து அழுவதை "நடிப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடிப்பு இல்லை.

மாமாவுக்கு அழாதவள் சாருக்கு அழுகிறாளே என்ற ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். மாமா உங்களைக் குழந்தையாகப் பார்த்தவர். பதினெட்டு வயதில் உங்களுக்குள் ஒரு வாசகி உருவானதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் சார் ஒருவர்தான். அவர் போனதும், அந்தப் பெண்ணுக்கு இருந்த சாட்சி போய்விட்டது. நீங்கள் அழுவதில் பாதி அதற்காகவும் இருக்கலாம்.

கணவரைப் பற்றி ஒன்று. அவர் கேலி செய்கிறார் என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: சாரைப் பற்றி அவரிடம் முழுதாகச் சொன்னதே இல்லை என்று. அப்படியானால் அவருக்குத் தெரிந்ததெல்லாம், மனைவி யாரோ ஒரு மனிதருக்காக எட்டு மாதமாக அழுகிறாள் என்பதுதான். ஆண் ஆசிரியருக்காகப் பெண் அழுதால் உடனே வேறு கணக்குப் போடும் கெட்ட பழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. அவர் மனத்தில் அது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருந்து ஒன்றுதான். "நீங்கள் என்னைப் புரிந்துகொள்ளவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். முதலாண்டு நோட்டைக் கையில் கொடுத்து, அந்தப் பென்சில் எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த ஜன்னல் கதையையும் சொல்லுங்கள். அதற்கு மேல் வாதாட வேண்டாம்.

பதில் போடாத செய்தி

"சார் மன்னித்திருப்பார்" என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. எனக்கு அவரைத் தெரியாது, அவர் சார்பில் மன்னிக்க நான் யார்? ஆனால் மன்னிப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.

அவர் கேட்டது, என்ன படிக்கிறாய் என்று. வாழ்நாள் முழுக்கக் கற்பித்த ஒருவர் அந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்! அவர் கைபேசியை வைத்துக்கொண்டு உங்கள் பதிலுக்காகவே இரண்டு மாதம் காத்திருந்தார் என்ற காட்சி நீங்கள் வரைந்தது. அதற்கு உங்கள் கடிதத்தில் ஓர் ஆதாரமும் இல்லை. நாளைக்குப் போடலாம் என்று நீங்கள் தள்ளிவைத்தபோது அந்த நாளைக்கு இல்லாமல் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. முடிவு தெரிந்த பிறகு, இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றுவது மனத்தின் வழக்கமான ஏமாற்று. 1975இல் பாருக் ஃபிஷ்ஹோஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதனை வைத்தே காட்டினார். செய்யாமல் விட்டதற்கு வருத்தப்படலாம், அது நியாயம். தெரியாத ஒன்றுக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்பது நியாயம் இல்லை.

பதிலை இப்போது எழுதுங்கள். உண்மையான பதிலை எழுதுங்கள்: அந்தச் சமயத்தில் ஒன்றும் படிக்கவில்லை, ஏன் படிக்கவில்லை, அதை அவரிடம் சொல்ல ஏன் வெட்கமாக இருந்தது என்று. கையால் எழுதி அவருடைய கடிதங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை. அதை அவர் எண்ணுக்கு அனுப்பிவிடாதீர்கள். பலர் அப்படிச் செய்கிறார்கள். அந்தக் கைபேசி இப்போது மகள் கையில் இருக்கலாம். எண் கைமாறி முகம் தெரியாத ஒருவரிடமும் போயிருக்கலாம். இரவு பதினொரு மணிக்கு "யார் நீங்கள்?" என்று பதில் வந்தால் தாங்குவது கஷ்டம்.

இறந்தவரோடு இப்படிப் பேசிக்கொண்டிருப்பது ஆரோக்கியம்தானா என்று கேட்பீர்கள். உறவை அறுத்துக்கொண்டால்தான் துக்கம் ஆறும் என்று உளவியலில் வெகுகாலம் நம்பினார்கள். ஃபிராய்ட் 1917இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து அந்த நம்பிக்கை வேர்விட்டது. 1996இல் டென்னிஸ் கிளாஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதைக் கேள்வி கேட்டார்கள். பலர் இறந்தவரோடு உள்ள உறவை வேறு வடிவத்தில் வைத்துக்கொண்டே நன்றாக வாழ்கிறார்கள் என்று எடுத்துக் காட்டினார்கள். அதனால் எழுதுங்கள். எழுதாவிட்டால் துக்கம் ஆறாது என்றும் நினைக்க வேண்டாம், அதற்கும் ஆதாரம் இல்லை.

அந்த இன்னொரு மாணவர்

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. அவருடைய பதிவை நீக்கச் சொன்னது சரியில்லை.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "பின்வரிசைப் பையன்களை சார் கிண்டல் செய்வார், நாங்கள் எல்லாரும் சிரிப்போம், அதெல்லாம் சும்மா விளையாட்டு." உங்களுக்கு விளையாட்டு. உச்சரிப்பைச் சொல்லிச் சிரிக்க வைக்கப்பட்ட பையன் இருபது வருஷத்துக்கு மேல் அதைச் சுமந்திருக்கிறார். இத்தனைக்கும் அவரும் உங்களைப் போலத் தடுமாறிய பிள்ளைதான். உங்களுக்குக் கிடைத்த ஜன்னல் அவருக்குக் கிடைக்கவில்லை. அது ஏன் என்று யோசித்தால் வலிக்கும். சார் உங்களிடம் ஏதோ கண்டிருக்கலாம், உங்கள் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஆசிரியர்களும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. இதை ஒப்புக்கொண்டால் உங்களுக்கு அவர் செய்தது குறைந்துபோய்விடாது. இரண்டும் நடந்தன, ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க முடியாது.

இறந்தவரைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. துக்கம் நடக்கும் வீட்டு வாசலில் அது நல்ல ஒழுங்குதான். எட்டு மாதம் கழித்து, பழைய மாணவர்கள் நினைவுகளைக் கூட்டிச் சேர்க்கும் இடத்தில், ஒருவருடைய நினைவை மட்டும் வெளியே நிற்கச் சொல்ல முடியுமா? குழுவில் நீண்ட விளக்கம் வேண்டாம். அவருக்குத் தனியாக இரண்டு வரி போதும். "நீங்கள் எழுதியதை நீக்கச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி." அவர் பதில் போடாவிட்டால் விட்டுவிடுங்கள். அவர் சொன்னது கிண்டலையும் தாண்டி, அடி அல்லது அத்துமீறல் என்றிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அது நினைவு மலரில் சமன் செய்கிற விஷயமே இல்லை, முறையாக விசாரிக்க வேண்டியது.

கடிதங்கள் யாருடையவை?

உங்களுக்கு எழுதிய கடிதம் உங்களுக்குத்தான் சொந்தம் என்பது பாதி உண்மை. தாள் உங்களுடையது. வைத்துக்கொள்ளலாம், பெட்டியில் பூட்டலாம், மகனுக்கு விட்டுச் செல்லலாம். அதில் எழுதியிருக்கும் எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கும் போகும். உயில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படி. பதிப்புரிமை பற்றி நாடுகளுக்கிடையே 1886இல் தொடங்கிய பெர்ன் உடன்படிக்கையின் பொதுவிதி, ஆசிரியர் ஆயுளும் அதற்குப் பிறகு குறைந்தது 50 ஆண்டும். இந்தியாவில் அது 60, பிரிட்டனில் 70. விமரிசனத்துக்கோ ஆய்வுக்கோ சில வரிகளை மேற்கோள் காட்டப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருகின்றன, முழுக் கடிதத்தை அச்சிடுவது வேறு. நான் மனநல ஆலோசகர், வழக்கறிஞர் அல்ல. முழுக் கடிதங்கள் அச்சுக்குப் போவதாக இருந்தால் தொகுப்பாளர்கள் வாரிசுகள் எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கட்டும். மகள் கேட்டார் என்பது மட்டும் போதாது, வேறு வாரிசுகளும் இருக்கலாம்.

சட்டம் அவ்வளவுதான். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது சட்டம் இல்லை, அந்த ஒரு வரி.

சொன்னால் கோபப்படக்கூடாது. அந்த வரியை உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் எடுத்து எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு வலிக்கிறது, சரி. கூடவே, மகளுக்குக் கிடைக்காத இடம் எனக்குக் கிடைத்தது என்ற பெருமையும் அதில் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இருந்தால் அது பாவம் இல்லை. "என்ன சொந்தம்" என்று கேட்கும் வீட்டில், நானும் சொந்தம்தான் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே பத்திரம் அந்த வரி. ஆனால் அதை மலரில் அச்சடித்துத்தான் உங்கள் பங்கை நிரூபிக்க வேண்டும் என்றால், அதற்கான விலையை மகள் கொடுப்பார். மகள் கேட்டது அப்பாவின் கையெழுத்து. வரப்போவது அப்பாவின் புகார், அதுவும் ஊர் அறிய.

எரிப்பதும் வேண்டாம். துக்கத்தின் முதல் வருஷத்தில் திரும்பப் பெற முடியாத எதையும் செய்யாதீர்கள் என்று என்னிடம் வருகிற எல்லாரிடமும் சொல்வேன். எரித்தால் அந்த வரி மட்டும் போகாது, அதைச் சுற்றியிருக்கும் கடிதமும் போய்விடும். "தொலைந்துவிட்டது" என்ற பொய்யும் உதவாது. பத்து வருஷம் கழித்து மகளுக்கும் உங்களுக்கும் நல்ல பழக்கம் ஏற்பட்டு, அப்போது அந்தப் பெட்டியை என்ன செய்வீர்கள்?

மீதி இருப்பது, தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. தேர்ந்தெடுத்தேன் என்பதை மறைக்காமல் கொடுப்பது. மகளுக்கு வேலை கிடைத்த அன்று சார் இரண்டு பக்கம் எழுதிய கடிதம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறீர்கள். முதலில் அதைக் கொடுங்கள். பாடங்கள் பற்றி, புத்தகங்கள் பற்றி எழுதிய நாலைந்தையும் கொடுங்கள். மூலத்தை நீங்கள் வைத்துக்கொண்டு நகல் கொடுத்தால் போதும். ஆனால் வேலை கிடைத்த கடிதத்தின் மூலத்தையே மகளுக்குத் தந்துவிடலாம் என்பது என் எண்ணம். உங்கள் விருப்பம். கூடவே இப்படி ஒரு குறிப்பு:

"அப்பா எனக்கு எழுதியவற்றில் சிலதை அனுப்புகிறேன். என் சொந்தக் கஷ்டங்களை நான் கொட்டியதும் அவர் மனம்விட்டு எழுதியதும் கலந்த சில கடிதங்களை மலருக்குத் தரவில்லை, என்னிடமே வைத்திருக்கிறேன். உங்களைப் பற்றி அவர் எழுதிய இந்தக் கடிதம் உங்களிடம் இருக்க வேண்டும் என்று தோன்றியது."

இதில் பொய் இல்லை. மகள் விடாமல், "அப்பா என்னைப் பற்றி வேறு ஏதாவது எழுதினாரா?" என்று நேரடியாகக் கேட்டால்? தொலைபேசியில் சொல்லாதீர்கள், படமெடுத்தும் அனுப்பாதீர்கள். நேரில் போங்கள். ஒரு வரியைக் காட்டாமல் முழுக் கடிதத்தையும் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். தூரத்தில் இருக்கும் மாணவிக்கு எழுதுவது எளிது, வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையிடம் பேசுவது கஷ்டம். எத்தனையோ அப்பாக்களுக்கு அப்படித்தான். அந்த வரியில் மகள்மீது உள்ள புகாரைவிடத் தன்மீதே உள்ள புகார் அதிகம் என்று எனக்குப் படுகிறது. மகளுக்கும் அப்படிப் படலாம், படாமலும் போகலாம். அதை அவர் சார்பில் நீங்கள் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம். அவர் கேட்காத வரைக்கும் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

மலருக்கான கட்டுரை

எழுதி நிறுத்திவிட்ட முதல் வரியையும் அனுப்பியிருக்கிறீர்கள்: "ஆங்கிலம் என்னும் பெருங்கடலில் எங்களுக்குக் கலங்கரை விளக்கமாகத் திகழ்ந்தவர்." இதன் ஓரத்தில் சார் பென்சிலால் என்ன எழுதியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த வரி வராததற்குக் காரணம் துக்கம் மட்டும் இல்லை. அந்த வரி உங்களுடையது இல்லை, எந்த ஆசிரியருக்கும் யாரும் எழுதக்கூடியது. அதற்குப் பின்னால் நீங்கள் எப்படி வருவீர்கள்?

எனக்கு எழுதிய கடிதத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சொல்லில் தடுமாறினீர்கள், பக்கத்து பெஞ்சிலிருந்து யார் கிசுகிசுத்தார்கள், அவர் எப்படிக் கையைக் காட்டி அவர்களை அடக்கினார், கடைசியில் அந்தச் சொல் வந்ததும் திரும்பிப் பார்க்காமலே "ம், அடுத்தது" என்றார் என்று. அதுதான் கட்டுரை. முன்னால் பட்டம், பதவி, பணிபுரிந்த ஆண்டு எதையும் சேர்க்காதீர்கள், அதெல்லாம் மலரில் வேறு எங்காவது வரும். அவர் சொன்னதாக நீங்கள் எழுதும் வாக்கியங்களில் நிச்சயமாக நினைவிருப்பதை மட்டும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இறந்தவர் வாயில் நல்ல வசனங்களைப் போடுவது நினைவுக் கட்டுரைகளில் அடிக்கடி நடக்கிறது. அவரால் மறுக்க முடியாது என்பதால் கவனம் இரண்டு மடங்கு வேண்டும்.

பின்வரிசைக் கிண்டலையும் எழுத வேண்டுமா? கட்டாயம் இல்லை. "எல்லாரிடமும் அவர் இப்படி இருந்ததில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்" என்ற ஒரு வாக்கியத்துக்கு இடமிருந்தால் கட்டுரை பொய்யில்லாமல் நிற்கும். இடமில்லை என்றால், குறைந்தபட்சம் "அவர் யாரையும் புண்படுத்தியதே இல்லை" என்ற வாக்கியத்தை எழுதாமல் இருங்கள்.

கெடு நெருங்குகிறது என்று பயப்படுகிறீர்கள். தொகுப்பாளர் உங்கள் வகுப்புத் தோழிதானே, பத்து நாள் சேர்த்துக் கேளுங்கள். அதற்குள்ளும் வரவில்லை என்றால் மலர் நீங்கள் இல்லாமலே வரட்டும். கடிதங்கள் விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மகள் கேட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், இந்த வாரமே அவருக்கு எழுதிவிடுங்கள்.